குத்தகை நிலமும் வெளியேற்ற உத்தரவும்

நன்செய்யையோ புன்செய்யையோ குத்தகைக்கு ஏற்று உழும் குடியானவருக்கு நேரும் இடையூறுகள் பல. மழை பொய்த்தலும், பூச்சி விழுதலும், விலை வீழ்தலும் ஒரு போகத்தைக் கெடுக்கும். அடுத்த போகத்தில் அவர் தலையெடுத்துக்கொள்ளவும் கூடும். நிலமே கையை விட்டுப் போய்விடுமாயின் அந்த வழியும் அடைபட்டுவிடும். ஆதலின் நிலத்தை விட்டு நீங்கும்படி ஒரு நோட்டீஸோ, கோர்ட்டு உத்தரவோ, வாய்மொழி மிரட்டலோ வரும்போது குத்தகைதாரர் என்ன செய்தல் வேண்டும், எந்த அதிகாரியிடம் செல்லல் வேண்டும், எத்தனை நாட்களுக்குள் செல்லல் வேண்டும் என்னும் விஷயங்களை நம் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்வது அவசியம்.

தமிழ்நாட்டில் அமலிலிருக்கும் 1955-ஆம் வருஷத்துப் பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தை (25-ஆவது சட்டம்) முக்கியமாகக் கொண்டு இப்பாடம் எழுதப்படுகிறது. அங்கத்தினர் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டிய கருத்து ஒன்றே. சட்டம் குத்தகைதாரருக்குத் தந்துள்ள பாதுகாப்பு பெரிது. ஆயின் அதைப் பெறுவதற்கு இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று கையில் ரசீது. மற்றொன்று கெடுவுக்குள் செயல். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும், நியாயம் தம் பக்கம் இருக்கவே ஒருவர் நிலத்தை இழக்க நேரிடலாம்.

1. முன்னிருந்த நிலைமை

அக்காலத்துச் சென்னை மாகாணத்தில் ஜமீன் நிலங்களை உழுத ரயத்துகளுக்கு, 1908-ஆம் வருஷத்து எஸ்டேட்டு நிலச் சட்டம் நிலையான அனுபோக பாத்தியதையை அளித்தது. அச்சட்டத்தில் சொல்லிய முறையில் அன்றி ஜமீன்தார் ரயத்தை நீக்க இயலாது. ரயத்வாரிக் கிராமங்களில் நிலைமை வேறாக இருந்தது. அங்கே பட்டாதாரரிடம் வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் பெற்று உழுதவருக்கு அத்தகைய பாத்தியதை கிடையாது. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் மிராசுதார் நிலத்தை வேறொருவருக்கு மாற்றிவிடலாம். பலர் வாய்ப்பேச்சின் பேரிலேயே தகப்பன், பிள்ளை, பேரன் என்று உழுதுவந்தனர். வழக்காடுவதற்கு ஒரு துண்டுச் சீட்டும் அவர்களிடம் இல்லை.

1952-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், ஸி. ராஜகோபாலாச்சாரியார் முதன்மந்திரியாக இருந்தபோது, தஞ்சாவூர் ஜில்லாவுக்கு மட்டும் ஓர் அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அது பின்னர் அவ்வருஷத்திலேயே தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமாக நிறைவேறியது. மூன்று வருஷங்களுக்குப்பின், 1955-இல், மற்ற ஜில்லாக்களையும் தழுவும் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் வருவதற்கு முன்னரே வெளியேற்றப்பட்டவர்களையும் அது கைவிடவில்லை. 1953-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 1-ஆம் தேதியன்று நிலத்தில் சாகுபடி செய்துகொண்டிருந்தவர், பிறகு நீக்கப்பட்டிருந்தாலும், மனுச் செய்து நிலத்தைத் திரும்பப் பெறலாம் என்று அது விதித்தது.

2. பயிரிடும் குத்தகைதாரர் எனப்படுபவர் யார்?

வழக்கின் வேர் இக்கேள்வியில் இருக்கிறது. பிறருக்குச் சொந்தமான நிலத்தில், வெளிப்படையான ஒப்பந்தத்தாலோ, நடத்தையால் ஊகித்தறியக்கூடிய ஒப்பந்தத்தாலோ, தம் உடலுழைப்பையேனும் தம் குடும்பத்தார் ஒருவரின் உடலுழைப்பையேனும் செலுத்திப் பயிர் செய்பவரே பயிரிடும் குத்தகைதாரர். இதிலிருந்து நான்கு விஷயங்கள் விளங்கும்.

முதலாவது, எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லை என்பதனாலேயே ஒருவரது பாத்தியதை அற்றுவிடாது. வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே. ஆனால் அதை நிரூபிக்கும் பொறுப்பு குத்தகைதாரரைச் சேர்ந்தது.

இரண்டாவது, ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் நிலத்தில் தொடர்ந்து பயிர் செய்து வருபவர் குத்தகைதாரராகவே கருதப்படுவார். "உமது கெடு பங்குனியோடு தீர்ந்தது" என்று நிலச்சொந்தக்காரர் சொல்வதனால் மாத்திரம் அவர் அன்னியராகிவிடமாட்டார்.

மூன்றாவது, குத்தகைதாரர் காலமானால் அவருடைய வாரிசுக்கும் இப்பாதுகாப்பு உண்டு; ஆனால் அவ்வாரிசும் உடலுழைப்பால் பயிர் செய்பவராக இருத்தல் வேண்டும். கணவரை இழந்த பெண் ஒருவர் தாமும் தம் மக்களும் வயலில் இறங்கி உழைத்து வருவாராயின், அவரை நீக்க முயல்பவர் சட்டப்படியே முயலல் வேண்டும்.

நான்காவது, நிலத்தைத் தாம் குத்தகைக்கு எடுத்து, உழாமல், பிறருக்கு மேல்குத்தகைக்கு விட்டு நடுவில் இலாபம் பெறும் இடைத்தரகருக்கு இச்சட்டத்தில் இடமில்லை. நாட்கூலிக்கு உழைப்பவரும் அதனாலேயே குத்தகைதாரர் ஆகிவிடார்.

3. எக்காரணங்களால் நீக்கலாம்?

பயிரிடும் குத்தகைதாரர் எவரையும் நிலச்சொந்தக்காரர் நீக்கலாகாது என்பது பொது விதி. கோர்ட்டு டிக்கிரியை நிறைவேற்றும் முறையிலும் அவ்வாறு செய்யலாகாது என்று சட்டம் திட்டமாகக் கூறுகிறது. கீழ்க்கண்ட நான்கு குற்றங்களில் ஒன்றைச் செய்தவர் இப்பாதுகாப்பை இழக்கிறார்.

(அ) குத்தகை கெடு வந்த தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் அதைச் செலுத்தாமை.

(ஆ) நிலத்துக்கோ பயிருக்கோ கேடு விளைக்கும் செயல் அல்லது அசட்டை. அல்லது சாகுபடியை அடியோடு விட்டுவிடுதல்.

(இ) விவசாயம், தோட்டப்பயிர் ஆகியவை அல்லாத காரியத்துக்கு நிலத்தை உபயோகித்தல்.

(ஈ) நிலச்சொந்தக்காரரின் உரிமையை வேண்டுமென்றே மறுத்தல்.

இவையன்றி, சொந்தச் சாகுபடிக்காக நிலத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற விரும்பும் சொந்தக்காரருக்கும் வரம்புகளும் நிபந்தனைகளும் வைத்துத் தனி ஷரத்து உண்டு. அதற்கும் அதிகாரியிடம் மனுச் செய்தே தீரவேண்டும்.

நான்கிலும் மிகுதியாக வழக்கு விளைப்பது முதலாவது. மிகுதியாக ஏமாற்றுவது கடைசியானது. வழக்கு மூண்ட கோபத்தில், "நிலம் உம்முடையது அன்று, எங்கள் பாட்டன் காலத்திலிருந்து எங்களுடையது" என்று பதில் மனுவில் எழுதிவிடுபவர் உண்டு. அந்த ஒரு வாக்கியமே வெளியேற்றத்துக்குப் போதிய காரணமாகிவிடக்கூடும். உழுகிற பாத்தியதை வேறு, சொந்தம் வேறு. முன்னதைக் காக்க விரும்புபவர் பின்னதை வீணே மறுக்கலாகாது. சொந்தக்காரர் இன்னார் என்பதில் உண்மையான தகராறு இருக்குமாயின், உதாரணமாகப் பாகப் பிரிவினையில் அண்ணன் தம்பி இருவரும் குத்தகை கேட்பாராயின், யாருக்கும் பகையாகாமல் தொகையை அதிகாரியிடம் கட்டிவிடுவதே முறை.

நிலம் விற்கப்பட்டாலும் இப்பாதுகாப்பு மாறாது. புதிதாக வாங்கியவர் பழைய சொந்தக்காரரின் ஸ்தானத்தில் நிற்பவர். குத்தகை பெறும் உரிமை அவருக்கு வந்தது போலவே, சட்டப்படி அன்றிக் குடியானவரை நீக்கலாகாது என்னும் கட்டுப்பாடும் அவருக்கு வந்து சேரும்.

4. மனு வந்தபோது செய்ய வேண்டியது

நீக்க விரும்பும் சொந்தக்காரர் ரெவினியூ டிவிஷனல் ஆபீசரிடம், அதாவது இக்காலத்தில் வருவாய்க் கோட்டாட்சியர் என வழங்கப்படும் அதிகாரியிடம் மனுச் செய்தல் வேண்டும். காவேரிப் பாசன ஜில்லாக்கள் முதலிய சில இடங்களில் இவ்விசாரணைக்கென்றே ஸ்பெஷல் டெபுடி கலெக்டரின் வருவாய் நீதிமன்றங்கள் ஏற்பட்டுள்ளன. இரு தரப்பாரும் தம் கட்சியைச் சொல்ல நியாயமான சந்தர்ப்பம் கொடுத்துச் சுருக்கமான விசாரணை நடத்திய பின்பே அதிகாரி உத்தரவிடுவார்.

ஓர் உதாரணத்தைக் கொள்வோம். குடியானவர் ஒருவர் இரண்டு ஏக்கர் நன்செய்யை உழுகிறார். சம்பா அறுவடைக்குப்பின் மாசி மாதம் முதல் தேதியில் 12 மூட்டை நெல் அளப்பது ஒப்பந்தம். நிலத்தை விற்க எண்ணிய சொந்தக்காரர் நெல்லை வாங்க மறுத்துவிடுகிறார். குடியானவர், "கொண்டுபோனேன், அவர்தாம் வாங்கவில்லை, என்மேல் குற்றமில்லை" என்று நெல்லைக் குதிரில் வைத்துக்கொண்டு வாளாவிருக்கிறார். பங்குனி முதல் தேதியும் கடந்து போகிறது. சித்திரையில் அவருக்கு நோட்டீஸ் வருகிறது: குத்தகை பாக்கி, ஆகவே நீக்க வேண்டும் என்று.

இங்கே நெல் கொண்டுபோனதை நேரில் கண்டவர் இல்லை, எழுத்தும் இல்லை. மனத்தறிய நேர்மையானவராயினும் ஏட்டில் அவர் பாக்கிதாரராக நிற்கிறார். அவர் செய்திருக்க வேண்டியது யாதெனில், சொந்தக்காரர் மறுத்தவுடன், கெடு கடந்த ஒரு மாதத்துக்குள், குத்தகையை அதிகாரியிடம் டிபாசிட்டுக் கட்டியிருத்தல் வேண்டும். குத்தகை தானியமாக இருந்தால், கட்டும் தினத்தில் உள்ள மார்க்கெட்டு விலைப்படி அதன் கிரயத்தைக் கட்டலாம். மூட்டை 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 12 மூட்டைக்கு 18,000 ரூபாய் ஆகும். டிபாசிட்டைப் பற்றி அதிகாரி சொந்தக்காரருக்கு நோட்டீஸ் அனுப்பி, கட்டிய தொகை சரிதானா என்று விசாரிப்பார். குறைவு என்று கண்டால், இரு தரப்பாரின் நிலைமையையும் சீர்தூக்கி, மிச்சத்தைக் கட்டத் தவணை கொடுப்பார்.

முன்னதாகக் கட்டாமல் தவறியவருக்கும் சட்டம் இன்னொரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. சொந்தக்காரரின் மனு விசாரணையில் இருக்கும்போதே, "பாக்கியைக் கட்டத் தவணை வேண்டும்" என்று குத்தகைதாரர் கேட்கலாம். அதிகாரி நியாயமென்று கருதும் அவகாசத்தைக் கொடுக்கலாம். அதற்குள் பாக்கியும் உத்தரவான செலவுத் தொகையும் கட்டப்படுமாயின், குத்தகை செலுத்தப்பட்டதாகவே கொள்ளப்படும். வெளியேற்ற மனு விழுந்துபோகும். தவணைக்குள் கட்டாவிட்டால் வெளியேற்ற உத்தரவு பிறக்கும். பாடத்தின் உயிர்நிலை இதுவே. தவணை பெற்று வீடு திரும்பியவர் வழக்கு வென்றுவிட்டதாக எண்ணிக் களிக்கலாகாது. தவணையின் கடைசி நாளுக்கு முன்பே பணத்தைக் கட்டி, கட்டியதற்கான செலான் கையில் வந்த பிறகே அவர் வென்றவராவார்.

நோட்டீஸ் வந்தும் விசாரணைக்குப் போகாதிருத்தல் எல்லாவற்றினும் பெரிய தவறு. ஆஜராகாதவரின் கட்சியை எடுத்துச் சொல்ல யாருமில்லை. சொந்தக்காரரின் மனுவே ஏட்டில் தனித்து நிற்கும்.

5. சிவில் கோர்ட்டு உத்தரவு வந்தால்

சில சமயங்களில் சொந்தக்காரர், "நிலம் என் சுவாதீனத்தில் இருக்கிறது, இன்னார் அத்துமீறி நுழைகிறார்" என்று சொல்லி முன்சீப்புக் கோர்ட்டில் தடையுத்தரவு கேட்டு வழக்கிடுவதுண்டு. சம்மனைக் கண்டதும் குடியானவர் அஞ்சிக் கலங்க வேண்டுவதில்லை. அலட்சியமாக இருத்தலும் தகாது. அந்தக் கோர்ட்டிலேயே ஆஜராகி, தாம் இச்சட்டத்தின் பாதுகாப்புக்குரிய பயிரிடும் குத்தகைதாரர் என்பதை அபிடவிட்டு முதலிய சாதனங்களால் நிரூபித்தல் வேண்டும். அவ்வாறு நிரூபிக்கப்பட்டால், கோர்ட்டு அவ்வழக்கை மேலே நடத்தாமல் ரெவினியூ டிவிஷனல் ஆபீசருக்கு மாற்றிவிட வேண்டும் என்பது சட்டம்.

சிவில் கோர்ட்டில் ஏற்கெனவே டிக்கிரி ஆகிவிட்டது என்றாலும் குத்தகைதாரரை நீக்கச் சொந்தக்காரர் ரெவினியூ டிவிஷனல் ஆபீசரிடம் தனியே மனுச் செய்தே ஆகவேண்டும். ஆதலின் அமீனா வந்து நின்றாலும், குடியானவர் கைகலப்புக்குச் செல்லாமல், டிக்கிரியின் நகலைப் பெற்றுக்கொண்டு உடனே வக்கீலைக் காண வேண்டும். வயலில் நடக்கும் சண்டை குத்தகை வழக்கைக் கிரிமினல் வழக்காக மாற்றிவிடும். அதனால் அனுகூலம் அடைபவர் எதிர்க்கட்சிக்காரரே.

6. பலவந்தமாக நீக்கினால்

மனுவும் இன்றி உத்தரவும் இன்றி ஒரு நாள் இரவில் டிராக்டரை விட்டு உழுது, நாற்றைப் பாழாக்கி, வரப்பில் ஆட்களை நிறுத்தி வைத்தால் குடியானவர் என்ன செய்வது? சட்டம் கூறும் முறைப்படியன்றி வெளியேற்றப்பட்டவர், வெளியேற்றப்பட்ட தேதியிலிருந்து இரண்டு மாதங்களுக்குள், நிலத்தைத் திரும்பத் தம் வசம் ஒப்புவிக்கும்படி ரெவினியூ டிவிஷனல் ஆபீசரிடம் மனுச் செய்யலாம். அம்மனு ஏற்கப்பட்டால், முன்னிருந்த உரிமைகளோடும் கடமைகளோடும் அவர் நிலத்தை அடைவார்.

இரண்டு மாதம் என்பது 60 நாட்கள் அளவே. பஞ்சாயத்தில் பேசிப் பார்ப்போம், கோவில் திருவிழா கழியட்டும், பெரியவர் ஊரிலிருந்து வரட்டும் என்று நாட்களைத் தள்ளுபவர்களுக்கு இந்த 60 நாட்கள் வெகு விரைவில் ஓடிவிடும். சமாதானப் பேச்சு நல்லதுதான். அது மனுச் செய்த பிறகும் நடக்கலாம். மனு தாக்கலாகியிருக்கும்போது நடக்கும் சமாதானமே உறுதியாகவும் நிற்கும். நிலம் பறிபோன தேதியை எழுதிவைத்துக்கொண்டு, அன்றே கிராம நிர்வாக அலுவலருக்கும் போலீஸ் நிலையத்துக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, அதன் நகலில் கையொப்பம் பெற்றுக்கொள்ளுதல் பின்னர் பெரிதும் பயன்படும்.

7. உத்தரவு பாதகமானால்

ரெவினியூ டிவிஷனல் ஆபீசரின் உத்தரவு கடைசித் தீர்ப்பன்று. அவர் ஹைக்கோர்ட்டுக்குக் கீழ்ப்பட்ட கோர்ட்டைப் போலக் கருதப்படுவார். அவருடைய உத்தரவின்மேல் ஹைக்கோர்ட்டில் ரிவிஷன் மனுச் செய்யலாம். ஆயின் ரிவிஷனின் எல்லை குறுகியது. சாட்சிகள் சொன்னதை ஆதியோடந்தமாக மறுபடி நிறுத்துப் பார்க்கும் இடம் அன்று அது. அதிகாரி தம் அதிகாரத்தை மீறினாரா, உள்ள அதிகாரத்தைச் செலுத்தாது விட்டாரா, சட்டத்துக்கு முரணாகவோ முறை தவறியோ நடந்தாரா என்பதே அங்கே ஆராயப்படும். ஆகவே கீழ்விசாரணையிலேயே எல்லாத் தஸ்தாவேஜுகளையும் தாக்கல் செய்து, எல்லாச் சாட்சிகளையும் விசாரிக்கச் செய்தல் இன்றியமையாதது. உத்தரவு வெளியானவுடன் அதன் அத்தாட்சி பெற்ற நகலுக்கு விண்ணப்பித்தல் வேண்டும். ரிவிஷன் மனுத் தாக்கலானது ஒன்றினாலேயே உத்தரவு நிறுத்தப்பட்டதாகாது. நிறுத்தி வைக்கும்படி தனியே கேட்டுப் பெறவேண்டும்.

வக்கீலுக்குக் கொடுக்க வழியில்லையே என்று ஏங்குவோருக்கு ஒரு விஷயம். 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் அதிகார அமைப்புச் சட்டப்படி, பெண்களுக்கும், ஷெட்யூல்டு வகுப்பாருக்கும், பழங்குடியினருக்கும், வருமான வரம்புக்கு உட்பட்ட ஏழைகளுக்கும் இலவச வக்கீல் உதவி உண்டு. தாலூகா கோர்ட்டுகளிலுள்ள சட்டப் பணிகள் குழுவில் இதற்கு மனுக் கொடுக்கலாம்.

8. குத்தகையே அதிகமாயிருந்தால்

பாக்கி விழுவதற்கு ஒரு காரணம் சோம்பல். மற்றொரு காரணம் சுமக்க முடியாத குத்தகை. இரண்டாவதற்கு 1956-ஆம் வருஷத்து நியாய வாரச் சட்டம் பரிகாரம் அளித்தது. முதலில் நன்செய்க்குச் சாதாரண மொத்த மகசூலில் 100-க்கு 40 பங்கு என்றும், நீரிறைத்துப் பாய்ச்ச வேண்டிய நன்செய்க்கு 35 என்றும், மற்ற நிலங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்றும் அது வரையறுத்தது. 1980-இல் செய்த திருத்தத்தால் இது 100-க்கு 25 பங்காகக் குறைக்கப்பட்டது. இரண்டு ஏக்கரில் 48 மூட்டை சாதாரண மகசூல் ஆனால், நியாய வாரம் 12 மூட்டை. சொந்தக்காரர் 20 மூட்டை கேட்டால் வாரக் கோர்ட்டில் மனுச் செய்து நியாய வாரத்தை நிர்ணயித்துக்கொள்ளலாம்.

நிர்ணயம் ஆவதற்கு முன்னரே தம் மனம்போலக் குறைத்து அளந்துவிட்டு இருப்பது ஆபத்து. எஞ்சியது பாக்கியாகக் கணக்கிடப்பட்டு வெளியேற்ற மனுவுக்கு இடந்தரும். நியாய வாரத்துக்கு ஒரு மனு, பாதுகாப்புக்கு ஒரு டிபாசிட்டு என இரண்டையும் ஒருங்கே செய்பவர் அச்சமின்றி இருக்கலாம்.

9. அத்தாட்சிகள்

அதிகாரியின் முன் பேசுபவை காகிதங்களே. குத்தகைதாரர் சேர்த்து வைக்க வேண்டியவை வருமாறு.

குத்தகைச் சீட்டு: 1956-இல் சேர்த்த ஷரத்துப்படி குத்தகை ஒப்பந்தம் மூன்று பிரதிகளாக எழுதப்பட்டு இரு தரப்பாரும் ஒப்பமிடல் வேண்டும். ஒன்று சொந்தக்காரருக்கு, ஒன்று குத்தகைதாரருக்கு, மூன்றாவது தாலூகா ஆபீசுக்கு.

குத்தகை ரசீது: ஒவ்வொரு போகத்துக்கும் தேதி, நிலத்தின் சர்வே நம்பர், அளந்த நெல் அல்லது கொடுத்த பணம் ஆகியவை குறித்துப் பெறவேண்டும். ரசீது தர மறுப்பவருக்குப் பணமாயின் மணியார்டரிலோ பாங்கு மூலமாகவோ அனுப்பினால் தபால் ஆபீசோ பாங்கோ சாட்சியாகும்.

குத்தகை உரிமைப் பதிவேடு: 1969-ஆம் வருஷத்து 10-ஆவது சட்டப்படி கிராமம்தோறும் குத்தகை உரிமைகளின் பதிவேடு வைக்கப்படுகிறது. அதில் கண்ட விவரம், மாறாக நிரூபிக்கப்படும் வரையில், உண்மையென்றே கொள்ளப்படும். தம் பெயர் அதில் உள்ளதா என்று பாராதவர் உடனே பார்த்து, இல்லையேல் சேர்க்கும்படி தாலூகா ஆபீசில் மனுச் செய்துகொள்ள வேண்டும். வழக்கு வந்த பிறகு செய்யும் மனுவைக் காட்டிலும் அமைதிக் காலத்தில் செய்யும் மனுவுக்கு மதிப்பு அதிகம்.

அடங்கல் நகல்: எந்தப் பசலியில், எந்த சர்வே நம்பரில், என்ன பயிர் என்பதைக் காட்டுவது. வருஷத்துக்கு ஒரு முறை நகல் பெற்று வைத்தல் நன்று.

ஒரு எச்சரிக்கை: அவசரத்துக்குக் கடன் வாங்கும்போது எழுதாத காகிதத்தில் கையொப்பமோ கைநாட்டோ வைத்துக் கொடுக்கலாகாது. அக்காகிதம் பின்னாளில், "நிலத்தை மனமொப்பித் திருப்பி ஒப்படைத்தேன்" என்று எழுதப்பட்ட பத்திரமாகக் கோர்ட்டில் தோன்றலாம்.

கோவில், மடம், தர்ம ஸ்தாபனம் முதலிய பொது அறக்கட்டளைகளின் நிலங்களை உழுவோருக்கு 1961-ஆம் வருஷத்து 57-ஆவது சட்டம் தனியே இருக்கிறது. அதிலும் நீக்கத்துக்குக் காரணமும் மனுவும் விசாரணையும் வேண்டும். எனினும் அதிகாரியும் முறையும் வேறாதலால், தம் நிலம் எவ்வகையைச் சேர்ந்தது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

10. சங்கம் செய்யக்கூடியவை

இவ்வளவையும் தனித்த ஒரு குடியானவர் செய்வது அரிது. சங்கம் துணை நின்றால் எளிது.

அறுவடை முடிந்து நெல் விற்ற பணம் கைக்கு வந்ததும், குத்தகைக்குரிய தொகையை அங்கத்தினர் சங்கத்தில் தம் சேமிப்புக் கணக்கில் போட்டு வைப்பது நல்ல வழக்கம். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் செலவாகிப் போகும் பணமே பெரும்பாலும் குத்தகைப் பாக்கியாகி நிலத்தை விழுங்குகிறது. தவணை பெற்ற அங்கத்தினருக்கு, சங்க விதிகள் இடந்தரும் அளவில், உரிய நாளுக்குள் கடன் உதவி செய்வதும் சங்கத்துக்கு இலாபமே. நிலத்தை இழந்த அங்கத்தினர் பயிர்க்கடனைத் திருப்புவது எங்ஙனம்?

பயிர்க்கடன் ஏட்டில் சர்வே நம்பரையும் பயிரையும் பிசகின்றிக் குறித்து வைத்தால், இன்ன வருஷத்தில் இன்னார் இந்நிலத்தைப் பயிர் செய்தார் என்பதற்கு அந்த ஏடே ஒரு சாட்சியம். எழுதப் படிக்க அறியாத அங்கத்தினர் கொண்டுவரும் ரசீதுகளையும் நோட்டீஸுகளையும் வாசித்துக் காட்டி, கெடு தேதியை உரக்கச் சொல்லி அனுப்புவது காரியதரிசியின் கடமைகளுள் ஒன்றாகக் கொள்ளத்தக்கது.

நிலச்சொந்தக்காரருள்ளும் சங்க அங்கத்தினர் உண்டு. பட்டணத்தில் சிறு உத்தியோகம் பார்ப்பவரும், ஆதரவற்ற விதவையும், அரை ஏக்கர் குத்தகையை நம்பிக் குடும்பம் நடத்துவோரும் அவர்களுள் இருப்பர். அவர்களுக்குச் சேரவேண்டியதைக் காலத்தில் கொடாதிருக்க இச்சட்டம் எவருக்கும் சாக்கு அளிக்கவில்லை. உரிய காலத்தில் அளப்பவரையே அது காக்கிறது. அளந்தமைக்கு ரசீது கொடுக்கும் சொந்தக்காரரும், ரசீதைப் பேணும் குத்தகைதாரரும் உள்ள கிராமத்தில் கோர்ட்டுக்கு வேலை குறையும்.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிப்பதற்குரிய வினாக்கள்

1. நம் சங்கத்தில் குத்தகைக்கு உழும் அங்கத்தினர் எத்தனை பேர்? அவர்களுள் குத்தகை உரிமைப் பதிவேட்டில் பெயர் கண்டவர் எத்தனை பேர்?

2. சொந்தக்காரர் நெல்லை வாங்க மறுத்தால், எத்தனை நாட்களுக்குள், யாரிடம், எந்த விலைப்படி டிபாசிட்டுக் கட்ட வேண்டும்?

3. உத்தரவின்றிப் பலவந்தமாக நீக்கப்பட்டவர் மனுச் செய்யும் கெடு எவ்வளவு? அக்கெடு எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படும்?

4. பதில் மனுவில் நிலத்தின் சொந்தத்தை மறுப்பதனால் வரும் கேடு யாது?

5. சென்ற போகத்துக் குத்தகை ரசீதை இன்று இக்கூட்டத்தில் எடுத்துக் காட்டக்கூடியவர் யார் யார்? காட்ட இயலாதவர் அடுத்த கூட்டத்துக்குள் அதைப் பெற்றுவரச் சங்கம் எவ்வாறு உதவலாம்?